எட்டாம் தேதிக் கண்ணாடி

பெங்களூர் கண்டோன்மெண்ட்
14-8-61

பிரியமுள்ள அண்ணன் அப்பாதுரை அவர்களுக்குத் தங்கை தனக்கோடி வணங்கி எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மழை பிடித்தால் உங்களுக்கு வருகிற இருமல் இந்த வருஷம் வந்ததா இல்லையா, முதலில் அதை எழுதுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

இங்கே ஒரே அமர்க்களம். பக்கத்துப் பங்களாவை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். உங்கள் மாப்பிள்ளை இருபது வருஷம் பட்லராக இருந்து வெள்ளி ஸ்பூன் துடைத்த பங்களா. துரைசாணி சீமைக்குப் போகும்போது பின்பக்கத்து அவுட்ஹவுசை மட்டும் அவர் பேருக்கு ரிஜிஸ்தர் பண்ணிக் கொடுத்தாளே, அந்தப் புண்ணியத்தில் அவர் போன பிறகும் என் இரண்டு அறை மட்டும் நிற்கிறது. மீதி இடத்தை ஒரு பம்பாய்க் கம்பெனி வாங்கியிருக்கிறது. எட்டு மாடி கட்டப் போகிறார்களாம். எட்டு மாடிக்கு யார் ஏறுவது என்று கேட்டேன். மின்சாரப் பெட்டி தூக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். உங்கள் சுரங்கத்தில் கீழே இறக்குகிற மாதிரி இங்கே மேலே ஏற்றுவார்கள் போலிருக்கிறது.

கம்பெனி ஆள் ஒருவன் வந்து, "இந்த ரெண்டு ரூமை வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற? குடுத்துட்டு வேற எடம் பாரு" என்றான். "எங்கண்ணன் மைன்ஸ்ல இருந்து வருது. அது இருக்க ரூம் வேணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். வருகிற மே மாதம் உங்கள் சர்வீஸ் முடிந்தால் மைன்ஸ்காரர்கள் கொடுத்த லைன் வீட்டைக் காலி பண்ணத்தானே வேண்டும்? அண்ணி போன பிறகு உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்? வைகாசிப் பௌர்ணமிக்கு, புத்தர் பிறந்த நாளுக்கு, நீங்கள் இங்கே இருக்க வேண்டும். பின்னறைக்கு இப்போதே வெள்ளையடித்துவிட்டேன். அதன் ஜன்னலில் நின்றால் பள்ளம் தோண்டுவது முழுக்கத் தெரிகிறது. நான் சமையலை அடுப்பில் விட்டுவிட்டு அங்கேதான் நிற்கிறேன். சோறு இரண்டு தடவை தீய்ந்தது.

உடம்பைக் கவனித்துக்கொள்ளவும்.
தங்கை,
தனக்கோடி


நமோ புத்தாய
சாம்பியன் ரீப், கோலார் தங்கவயல்
27-8-61

அன்புத் தங்கை கோடிக்கு அண்ணன் ஆசி கூறி எழுதுவது. இருமல் வந்தது, போய்விட்டது. விருந்தாளி மாதிரி நாலு நாள் தங்கினது, அவ்வளவுதான்.

என்னைக் கீழே இறக்குவதை நிறுத்திவிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் பாறைக்கு முட்டுமரம் கொடுத்தவனை மேலே மரக்கிடங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். வயசுக்குக் கொடுக்கிற மரியாதையாம். வெயில் முகத்தில் படுகிறது, கூச்சமாக இருக்கிறது.

உன் பள்ளத்தைப் பற்றி எழுது. நீ எழுதியதில் அடுப்பும் சோறும்தான் இருக்கிறது, மண் எங்கே? எத்தனை அடி போயிருக்கிறார்கள்? என்ன நிறத்து மண்? பக்கங்களைச் சரிவு விட்டு வெட்டுகிறார்களா, கேக்கு வெட்டுகிற மாதிரி நேராகவா? உன் சுவருக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில் எத்தனை முழம்? மரம் முட்டுக் கொடுத்திருக்கிறார்களா? இதையெல்லாம் பார்த்து எழுதினால் உன்னை மைன்ஸ் கேப்டன் ஆக்கச் சொல்லிச் சிபாரிசு பண்ணுகிறேன்.

பின்னறையில் கட்டிலை ஜன்னல் பக்கமாகப் போடு. படுத்தபடியே ஆகாசம் பார்க்க வேண்டும், வேறு ஆசை எனக்கு இல்லை.

இப்படிக்கு,
அண்ணன் அப்பாதுரை


பெங்களூர்
24-9-61

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். நான் சுகம். கேப்டன் தனக்கோடியின் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

மேலே ஆளுயரத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக ஊறின அரிசி மாதிரி உதிர்கிற மண். இப்போது இருபது அடி. முப்பது போவார்களாம், கார் நிறுத்த பூமிக்குள்ளேயே ஒரு மாடியாம். பெண்கள் தலையில் கூடையோடு சாய்பலகையில் வரிசையாக ஏறுகிறார்கள், கொட்டிவிட்டு இறங்குகிறார்கள். காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் அதே வரிசை. தண்ணீர் ஊறுகிறது என்று ஒரு எஞ்சின் வைத்து இறைக்கிறார்கள். அது இறைக்க இறைக்க என் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. வாளிக்கயிற்றை இரண்டு தடவை நீட்டிவிட்டேன்.

பக்கம் நேராகத்தான் வெட்டியிருக்கிறார்கள். என் சுவருக்கும் விளிம்புக்கும் இரண்டு முழம் இருக்கும். மரம் ஒன்றும் இல்லை. சுந்தரேசன் என்று ஒரு எஞ்சினியர், சின்ன வயசு, மல்லேசுவரத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். கேட்டதற்கு, "மண்ணு கெட்டியா இருக்கும்மா, நீங்க கவலைப்படாதீங்கோ" என்றார்.

எல்லம்மா என்று ஒருத்தி சிநேகிதமாகிவிட்டாள். மாலூர்ப் பக்கம். அவளும் புருஷன் முனிராஜும் இங்கேதான் வேலை செய்கிறார்கள். நம் ஜன்னலுக்கு நேர் கீழே நிழல் விழுகிறது, மத்தியானம் அங்கே உட்கார்ந்துதான் களி சாப்பிடுகிறாள். "அக்கா, நீரு!" என்று கீழே இருந்து கத்துவாள். நான் தகரவாளியில் தண்ணீர் ஊற்றிக் கயிற்றில் இறக்குவேன். சில நாள் மோரும் இறங்கும். வாளியைத் திருப்பி அனுப்பும்போது அதில் இரண்டு பச்சை மிளகாயோ, எங்கேயோ பறித்த பூவோ போட்டு அனுப்புகிறாள். எனக்கு இதுவே பெரிய பொழுதுபோக்காகிவிட்டது.

பின்னறைச் சுவரில் மூலையில் முடிபோல ஒரு விரிசல். வெள்ளையடித்ததில் வந்திருக்கும்.

தங்கை,
தனக்கோடி


சாம்பியன் ரீப்
29-9-61

கோடிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் பார்த்ததும் எழுதுகிறேன்.

வெள்ளையடித்ததில் விரிசல் வராது. நேர் வெட்டு, உதிர்கிற மண், தண்ணீர் வேறு இறைக்கிறார்கள், மரம் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை. சுரங்கத்தில் முட்டுமரத்துக்கு மேலே ஒரு ஆப்பை லேசாகச் செருகி வைப்போம். மறுநாள் அது கையால் பிடுங்க வராமல் இறுகியிருந்தால் பாறை இறங்குகிறது என்று அர்த்தம், ஓடிவிடுவோம். சுவருக்கும் அதே மாதிரி ஒரு வழி இருக்கிறது.

இரண்டு விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு எடு. அதை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமெண்டுச் சாந்து அப்பு. கண்ணாடிக்கு அடியில் அன்றைய தேதியை எழுதின காகிதத்தை ஒட்டு. கண்ணாடி வளையாது. சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் படக்கென்று உடையும். உடையாத வரைக்கும் நீ நிம்மதியாக இருக்கலாம். உடைந்தால் அந்தப் பக்கத்துக்கு மரம் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், நீயும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அந்த எஞ்சினியர் பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டு. படித்தவர், புரிந்துகொள்வார்.

உடனே செய்.
அண்ணன்


பெங்களூர்
15-10-61

அண்ணன் அவர்களுக்கு,

தங்கை நலம். நீங்கள் பயப்பட்டு எழுதியதில் எனக்கும் இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

சொன்னபடி போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி ஒட்டினேன். பங்களா இடித்த குப்பையில் கிடந்த ஜன்னல் கண்ணாடி, தடிமனாக உருப்படியாக ஒரே ஒரு துண்டு கிடைத்தது. அடியில் 8-10-61 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். சுந்தரேசனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "யாரும்மா இதைச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். எங்கண்ணன் என்றேன். எனக்கு ஒரே பெருமை. இனிமேல் வாராவாரம் வந்து பார்ப்பதாகவும், இது உடையாத வரைக்கும் இந்தப் பக்கத்துக்கு மரம் வேண்டியதில்லை என்றும் சொன்னார். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "உடைஞ்சுதுன்னா நான் கார்ப்பரேஷனுக்கு எழுதியாகணும்மா. அப்புறம் அவா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவா. என் கையிலே இல்லை."

அந்தப் பேச்சு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. காலி பண்ணினால் நான் எங்கே போவேன்? நீங்கள் எங்கே வருவீர்கள்?

இப்போது பாறை வந்துவிட்டது. வேட்டு வைக்கிறார்கள். மத்தியானம் விசில் ஊதினதும் எல்லாரும் மேலே ஏறிவிடுகிறார்கள். வீடு ஒரு குலுக்குக் குலுக்குகிறது. பரணில் இருந்து பித்தளைக் குடம் உருண்டு விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன், கண்ணாடி அப்படியே இருக்கிறது.

உங்கள் உடம்பு?
தனக்கோடி


சாம்பியன் ரீப்
3-12-61

அன்புத் தங்கைக்கு,

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. கையில் சிராய் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு மைக்கேல்ராஜ் எழுதுகிறான், நான் சொல்லிக்கொண்டு வருகிறேன். அவனுக்குக் குண்டுகுண்டான எழுத்து.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். எல்லாருக்கும் எடுக்கிறார்கள், எனக்கு மட்டுமில்லை. ஒன்றுமில்லை. நீ என் உடம்பைக் கேட்கிறாய், நான் உன் சுவரைக் கேட்கிறேன். கண்ணாடி எப்படி இருக்கிறது?

கம்பளி ஒன்று வாங்கி வை. உங்கள் ஊர்க் குளிர் முன்பு போல எனக்குத் தாங்காது. மே மாதத்தில் எதற்குக் கம்பளி என்று மைக்கேல்ராஜ் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

அண்ணன்


பெங்களூர்
21-1-62

அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நான் சுகம். சிராய் ஆறினதா? மைக்கேல்ராஜ் எழுத்து எனக்கு வேண்டாம், உங்கள் கோணல் எழுத்தே வேண்டும்.

கம்பளி வாங்கிவிட்டேன், சிவப்பு. கண்ணாடி நன்றாக இருக்கிறது. சுந்தரேசன் திங்கள்கிழமைதோறும் வந்து அதன் முன்னால் நின்று பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். "ஒங்கண்ணா கண்ணாடிதாம்மா எனக்கு இன்ஸ்பெக்டர்" என்கிறார்.

பள்ளத்தில் கம்பி கட்டுகிறார்கள். காடு மாதிரி நிற்கிறது. எதிர்ப்பக்கம் சிமெண்டுக் கலவை ஊற்றிச் சுவர் எழுப்பியாகிவிட்டது. நம் பக்கம் கடைசியில்தானாம், மே மாதத்துக்குள் வந்துவிடும் என்கிறார். அது எழும்பிவிட்டால் நம் வீட்டுக்கு முட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும், பிறகு இடி விழுந்தாலும் அசையாது. அதுவரைக்கும் தாங்கினால் போதும்.

தூசிதான் தாங்க முடியவில்லை. பருப்பில் தூசி, படுக்கையில் தூசி. உங்கள் மாப்பிள்ளை படத்திலும் அப்பிக்கொள்கிறது. கண்ணாடி இல்லாததால் துடைத்தாலும் போகவில்லை, அவர் மீசை மங்கிப் போய்விட்டது.

கிணறு வற்றிவிட்டது. தெருக்குழாயில் பிடித்து வந்து எல்லம்மாவுக்கு இறக்குகிறேன். போன வாரம் களி சாப்பிட்டுக்கொண்டே மேலே பார்த்து, "அக்கா, இந்தக் கோடெ நிக்குமா?" என்று சுவரைக் காட்டிக் கேட்டாள். "கண்ணாடி உடையல புள்ள, நிக்கும். நீ துன்னு" என்றேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பௌர்ணமிக்கு இன்னும் நாலு மாதம். நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

தனக்கோடி


சாம்பியன் ரீப்
18-2-62

அன்புள்ள கோடிக்கு,

நான் சௌக்கியம், சிராய்தான் இன்னும் ஆறவில்லை, மைக்கேல்ராஜ்தான் எழுதுகிறான். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

கண்ணாடி உடையவில்லை என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

ஒன்று மட்டும் செய். நீ முன்னறையில் படுத்துக்கொள். பின்னறையில் பாத்திரம் பண்டம் எதுவும் வைக்காதே. அந்த ஜன்னலில் அதிக நேரம் நிற்காதே. சும்மாதான் சொல்கிறேன், வயசானவன் பேச்சு.

மாப்பிள்ளை படத்தை ஒரு துணியில் சுற்றிப் பெட்டியில் வை.

அண்ணன்


சாம்பியன் ரீப்
15-4-62

கோடிக்கு,

இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? மே 15க்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இங்கே குடிவரப் போகிறவன் பெண்டாட்டியோடு வந்து அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனான். என் டிரங்குப் பெட்டி கட்டியாகிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை ரயிலில் வருகிறேன். படியேறுவது கொஞ்சம் கஷ்டம், ஸ்டேஷனுக்கு வா.

வரலாமா என்று ஒரு வரி எழுது.

அண்ணன்


பெங்களூர்
10-5-62

அண்ணா,

வர வேண்டாம். நீங்கள் வருவதற்கு அறை இல்லை.

போன வெள்ளிக்கிழமை, நாலாம் தேதி, மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. இந்த வருஷத்து முதல் பெருமழை. பள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சாய்பலகையில் ஏறி ஓடினார்கள். எல்லம்மா மட்டும் எப்போதும் உட்காருகிற இடத்தில், நம் சுவருக்குக் கீழே ஒதுங்கி நின்றாள். நான் முன்னறையில் இருந்தேன். "அக்கா, மழெ பந்தது!" என்று அவள் சிரித்துக் கத்தினது கேட்டது. அடுத்தாற்போல் சத்தம். ஓடினேன். பின்னறைக்குப் போகிற கதவைத் திறந்தால் ஆகாசம் இருந்தது. கட்டில், சிவப்புக் கம்பளி, சுவர் எல்லாம் மண்ணோடு கீழே போய்விட்டது. சாயங்காலம் வரைக்கும் தோண்டி எல்லம்மாவை எடுத்தார்கள். முனிராஜ் கையாலேயே தோண்டினான். மண்வெட்டி பட்டால் அவளுக்கு வலிக்கும் என்று யாரையும் வெட்ட விடவில்லை.

அண்ணா, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி நவம்பரிலேயே உடைந்துவிட்டது. ஒரு வேட்டுச் சத்தத்தில் படக்கென்று போனது, நீங்கள் சொன்ன மாதிரியே. எடுத்துவிட்டு வேறு ஒட்டினேன். அதுவும் உடைந்தது. திங்கள்கிழமை அவர் வருவார், ஞாயிற்றுக்கிழமையே பார்த்துப் புதிதாக ஒட்டிவிடுவேன். சாந்து புதிதென்று தெரியாமல் இருக்க அடுப்புக்கரியும் தூசியும் தடவுவேன். எல்லாவற்றிலும் அதே 8-10-61. ஆறு கண்ணாடி உடைந்தது. ஏழாவது சுவரோடு போயிற்று. விரிசலில் என் சுண்டுவிரல் நுழைந்தது, கண்ணாடிக்கு அடியில் தேதிக் காகிதம் மறைத்தது, மற்ற இடத்தின் மேல் நாள்காட்டியை மாட்டி வைத்தேன்.

உடைந்தது என்று சொன்னால் காலி பண்ணச் சொல்வார்கள். மே வரைக்கும் தாங்கிவிட்டால் அவர்கள் சுவர் எழும்பிவிடும், நீங்கள் வந்துவிடுவீர்கள், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? நீங்கள் வரலாமா என்று கேட்டதற்கு வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை, வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை.

திங்கள்கிழமை விசாரணைக்கு ஒரு சர்க்கார் ஆபீசர் வந்தார். சுந்தரேசன் அழுதுகொண்டே, "கண்ணாடி உடையலை சார். போன வாரம் என் கண்ணாலே பார்த்தேன்" என்றார். ஆபீசர் என் பக்கம் திரும்பி, "ஒடையாம இருந்துதாம்மா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். அப்போதும் சொன்னேன் அண்ணா. வாயில் அதுதான் வந்தது.

எல்லம்மாவுக்கு நான் பதில் சொன்னது காதிலேயே இருக்கிறது. நிக்கும், நீ துன்னு என்றேன்.

தனக்கோடி


மைன்ஸ் ஆஸ்பத்திரி
17-5-62

கோடிக்கு,

மைக்கேல்ராஜ் எழுதுகிறான். உன் கடிதத்தை அவன்தான் படித்துக் காட்டினான். இந்தத் தடவை கையில் சிராய் இல்லை. அப்போதும் இல்லை. பேனா பிடித்தால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சு முழுக்கக் கல்தூசி, பஞ்சு மாதிரி இருக்க வேண்டியது பாறையாகிவிட்டது என்று போன ஜூலையிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் மேலே மாற்றினார்கள். நீ கவலைப்படுவாய் என்று எழுதவில்லை. வீட்டை 12ஆம் தேதி விட்டுவிட்டேன். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

நீ உன் பாவத்தைச் சொன்னாய். என்னுடையதைக் கேள்.

ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். முதல் கண்ணாடி பங்களா ஜன்னலில் எடுத்தது என்று எழுதியிருந்தாய். ஜனவரிக் கடிதத்தில் மாப்பிள்ளை படத்துக்குக் கண்ணாடி இல்லை என்று எழுதினாய். நீ அவர் படத்தில் கை வைப்பவளா? அவர் கண்ணாடியை எதற்குக் கழற்றியிருப்பாய்? முதல் வாசிப்பிலேயே புரிந்துவிட்டது. புரிந்தும், சந்தோஷம் என்று எழுதச் சொன்னேன். நீ மட்டும் முன்னறையில் படுத்தால் போதும் என்று நினைத்தேன். அங்கிருந்து வெளியேறு என்று எழுதினால், எங்கே போவது என்று கேட்பாய். எனக்கே இடமில்லை என்று சொல்ல வேண்டும். எனக்கும் அந்த அறை வேண்டியிருந்தது, கோடி. அதன் ஜன்னல் வேண்டியிருந்தது. கீழே ஒருத்தி உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று நீ எழுதியிருந்ததும் ஞாபகம் இருந்தது. முட்டு இல்லாத இடத்தில் ஆளை உட்கார வைக்காதே என்று முப்பத்தொரு வருஷம் மற்றவர்களைத் திட்டினவன் நான்.

உடைந்த துண்டுகளை வைத்திருக்கிறாயா? இருந்தால் அந்த ஆபீசரிடம் எடுத்துக்கொண்டு போ. உள்ளதைச் சொல். நம் இரண்டு பேரில் நடக்கக் கூடியவள் நீதான்.

பௌர்ணமிக்கு இங்கேயே விளக்கேற்றச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


பெங்களூர்
24-6-62

அன்புள்ள அண்ணனுக்கு,

மூச்சு எப்படி இருக்கிறது? மைக்கேல்ராஜை ஒரு கார்டாவது போடச் சொல்லுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

துண்டுகளை வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் உடைந்தபோது தேதிக் காகிதம் ஒட்டின பாதியை எறிய மனமில்லாமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். நீங்கள் எழுதினபடி எடுத்துக்கொண்டு போனேன். நாலு நாள் உட்கார வைத்தார்கள். ஐந்தாம் நாள் உள்ளே விட்டார்கள். ரிப்போர்ட் எழுதி முடித்தாகிவிட்டது என்றார் ஆபீசர். மழையால் மண் சரிந்தது, கூலியாள் எல்லம்மா நிற்கக் கூடாத இடத்தில் தன்னிஷ்டத்துக்கு நின்றாள் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் முனிராஜுக்கு ஒன்றும் கிடையாதாம். சுந்தரேசனைப் பத்ராவதிக்கு மாற்றிவிட்டார்கள்.

"அவ தன்னிஷ்டத்துக்கு நிக்கல சார். நான்தான் சுவரு நிக்கும்னு சொன்னேன். கண்ணாடி ஆறு வாட்டி ஒடஞ்சிது. நான் மறச்சேன்" என்று சொல்லி டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தேன். அவர் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் எட்டாந்தேதிதானேம்மா போட்டிருக்கு?"

"ஆமாம் சார். நான்தான் அப்படி எழுதினேன்."

"ஒரே தேதின்னா ஒரே கண்ணாடி. சுவர் விழுந்தப்போ ஆறு துண்டா ஒடஞ்சிருக்கு. அன்னிக்கு நீங்களே ஒடையலைன்னு சொன்னீங்க, அதுல உங்க கையெழுத்து இருக்கு. துக்கத்துல ஏதேதோ தோணும். வீட்டுக்குப் போங்க."

ஒரே கண்ணாடிக்கு ஆறு காகிதமா ஒட்டுவார்கள், ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு, இது என் வீட்டுக்காரர் படத்துக் கண்ணாடி, பாருங்கள் என்று காட்டினேன். கண்ணாடி என்றால் கண்ணாடிதான் என்றார். கையைக் கிழித்துவிடும் என்று பியூனைக் கூப்பிட்டுத் துண்டுகளைக் குப்பையில் கொட்டச் சொன்னார். காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினேன் அந்தத் தேதியை.

முன்னறைக்கும் கார்ப்பரேஷன் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. மாதக் கடைசியில் மர்பி டவுனில் என் சிநேகிதி சரசு வீட்டுக்குப் போகிறேன். கூடத்தில் ஒரு பாய் போட இடம் தருகிறாள். உங்களைக் கூப்பிட அங்கேயும் இடமில்லை.

பக்கத்தில் வேலை நிற்கவில்லை. நம் பின்னறை இருந்த இடத்தில் இப்போது மூன்றடி கனத்தில் அவர்கள் சுவர் எழும்பிவிட்டது.

ஆபீஸ் வராந்தாவில் முனிராஜ் உட்கார்ந்திருந்தான். அவனும் தினம் வருகிறானாம். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு கண்ணாடி, கரி தடவினது, நாள்காட்டி மாட்டினது, எதையும் விடவில்லை. கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு, "அவ நிக்குமான்னு கேட்டப்போ, நிக்காதுன்னு தெரிஞ்சிதான் நிக்கும்னியா அக்கா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சிதான்" என்றேன்.

தலையை ஆட்டினான். இந்த ஊரில் என்னை நம்பினது அவன் ஒருவன்தான். வீட்டுப் பக்கம் வர மனசில்லாமல், என்னைப் பார்த்தால் கொடுக்கவென்று ஒரு கோணிப்பையைத் தினம் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னான். அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. பையில் என் தகரவாளி இருந்தது. மண்ணில் இருந்து எடுத்து, நசுங்கினதைத் தட்டி நிமிர்த்தி, கயிற்றையும் கழுவிச் சுற்றி வைத்திருந்தான்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். பதில் எழுதினால் சரசு வீட்டு விலாசத்துக்கு எழுதவும்.

தங்கை,
தனக்கோடி